போர்க்கால நாசவேலைச் சட்டம்: அமெரிக்காவில் அது யாருக்காக எழுதப்பட்டது, யார்மேல் பாய்ந்தது

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ராணுவத் தளவாடங்களையும் அவற்றின் உற்பத்தியையும் கெடுப்பவர்களைத் தண்டிக்கும் அமெரிக்க நாசவேலைச் சட்டம் போர் நடக்கும்போது மட்டும்தான் செல்லுமா என்பது முதலாவது. மட்டமான தளவாடத்தைத் தெரிந்தே செய்து கொடுக்கும் தொழிற்சாலை முதலாளியும் அதில் சிக்குவாரா என்பது இரண்டாவது. ஆயுதத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்தால் அதையும் நாசவேலை என்று வழக்குப் போட முடியுமா என்பது மூன்றாவது.

சுருக்கமாகச் சொன்னால், சட்டம் அமைதிக் காலத்திலும் செல்லும். ஆனால் அப்போது அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது கூடுதல். முதலாளி சட்டப்படி சிக்கலாம். நடைமுறையில் அவர்மேல் மோசடிக்கான சட்டங்களையே அரசு எடுத்திருக்கிறது. வேலைநிறுத்தம் நாசவேலை ஆகாது. இந்த மூன்று விடைகளும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன: செயலைச் செய்தவரின் மனத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதிலிருந்து. இந்தச் சட்டத்தின் நூறாண்டு வரலாற்றைப் பார்க்கும்போது இன்னொன்றும் புலப்படும். எந்த எதிரி நாட்டு ஆட்களை நினைத்து இது எழுதப்பட்டதோ, அவர்களில் பெயர் பெற்றவர்கள் இதன்படி விசாரிக்கப்படவே இல்லை.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் அமெரிக்கா நடுநிலை வகித்தது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் வெடிமருந்து விற்றுக்கொண்டிருந்தது. ஜெர்மனி அந்த வரத்தைத் தடுக்கப் பார்த்தது. 1915 பிப்ரவரியில் வெர்னர் ஹார்ன் என்ற ஜெர்மானியர், மெய்ன் மாநிலத்தின் வான்ஸ்போரோ ஊரையும் கனடாவையும் இணைக்கும் ரயில் பாலத்தின் கனடாப் பக்கத்தில் ஒரு பெட்டி டைனமைட்டை வைத்து வெடித்தார். பாலத்துக்குப் பெரிய சேதமில்லை. கடுங்குளிரில் அவருடைய கைகள்தான் உறைந்து போயின. பிடித்த பிறகு எந்தக் குற்றத்தைச் சுமத்துவது என்பதே அதிகாரிகளுக்குச் சிக்கலாகிவிட்டது. வெடியதிர்ச்சியில் வான்ஸ்போரோ வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்தன. அந்தக் கண்ணாடிகளுக்காக அவருக்கு 30 நாள் சிறை கிடைத்தது. பயணிகள் ரயிலில் வெடிபொருள் கொண்டுவந்ததற்காக ஒரு வழக்கைக் கூட்டாட்சி அரசு பின்னர் தொடுத்து, 18 மாதத் தண்டனை வாங்கித் தந்தது. ஒரு நாட்டின் போர் வழங்கலைத் துண்டிக்கப் பாலத்தைத் தகர்க்க முயன்றவரைத் தண்டிக்க அன்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இருந்தது அவ்வளவுதான்.

பிளாக் டாம் வெடிப்பு இந்த ஓட்டையை ஊரறியச் செய்தது. 1916 ஜூலை 30 அன்று, விடிவதற்கு முன் இரண்டு மணியளவில், நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய ஜெர்சி சிட்டியில், ஏற்றுமதிக்காகக் காத்திருந்த இருபது லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வெடிமருந்து வெடித்தது. ஆற்றுக்கு அக்கரையில் மன்ஹாட்டன் கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. சுதந்திரதேவி சிலையின் தீப்பந்தம் வரை ஏறிப் பார்க்கும் வழி அன்று மூடப்பட்டது. அது இன்றுவரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. கொசுவை விரட்டப் புகைச்சட்டி மூட்டிய காவலாளிகள்மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. ஜெர்மனியே பொறுப்பு என்று இரு நாட்டு இழப்பீட்டு ஆணையம் தீர்ப்புச் சொன்னது 1939இல். அதற்குள் இரண்டாவது போரே வந்துவிட்டது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூன் மாதம் உளவுச் சட்டம் வந்தது. அதற்கும் பத்து மாதம் கழித்து, 1918 ஏப்ரல் 20 அன்றுதான் நாசவேலைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதமே உளவுச் சட்டத்துக்கு வந்த ராஜதுரோகத் திருத்தம் பேச்சையும் எழுத்தையும் தண்டித்தது. அது பலத்த கண்டனத்துக்கு உள்ளாகி, போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் ரத்தானது. நாசவேலைச் சட்டம் பேச்சைத் தொடவில்லை, பொருள்களைப் பற்றி மட்டுமே பேசியது. அது நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

அந்தப் பொருள்களின் பட்டியல் மிகப் பரந்தது. துப்பாக்கியும் குண்டும் மட்டுமல்ல. உணவு, உடை, எரிபொருள், கால்நடை என்று போருக்குப் பயன்படுவதாக எண்ணப்பட்ட எல்லாமே போர்ப் பொருள்கள். அவற்றைச் செய்யும், வைக்கும், ஏற்றும் கட்டடங்களும் சுரங்கங்களும் போர் இடங்கள். ரயில் பாதை, சாலை, கால்வாய், அணை, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி போன்றவை போர்ச் சாதனங்கள். போர்க்காலத்தில் இவற்றில் எதையாவது வேண்டுமென்றே சேதப்படுத்தினால் 30 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொன்னது.

மனநிலை பற்றி அந்தச் சட்டம் எழுதியதுதான் முக்கியம். அமெரிக்காவின் அல்லது அதன் கூட்டாளி நாட்டின் போர் முயற்சிக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்தோடு செய்திருந்தால் குற்றம்; அந்த நோக்கம் இல்லாவிட்டாலும், தன் செயல் அப்படிக் கேடு விளைவிக்கக்கூடும் என்று நம்புவதற்கு ஒருவருக்குக் காரணம் இருந்திருந்தாலே அதே குற்றம், அதே தண்டனை. பகைவன்மேல் பாசம், பணத்தாசை, முதலாளிமேல் கோபம் என்று எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விளைவு இன்னதாக இருக்கலாம் என்று தெரிந்திருக்க வாய்ப்புள்ள ஒருவர் வேண்டுமென்றே அந்தக் காரியத்தைச் செய்தார் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட வசதியான வாசகத்தை எழுதித் தர முடியாது.

இரண்டாவது கேள்விக்கான விடை இங்கே கிடைக்கிறது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பொருளை உடைப்பவரோடு நின்றுவிடவில்லை. பொருளைக் குறையோடு செய்பவரையும், அப்படிச் செய்விப்பவரையும் தனிப்பிரிவில் சேர்த்தது. பொருள் மட்டுமல்ல, அதைச் செய்ய உதவும் கருவியையோ இயந்திரத்தையோ குறையோடு செய்தாலும் குற்றம். இன்றைய கூட்டாட்சிக் குற்றவியல் தொகுப்பில் இது 2154ஆம் பிரிவு. இங்கும் நம்புவதற்குக் காரணம் இருந்தது என்பதே போதுமென்பதால், லாபத்துக்காக மட்டுமே தரத்தைக் குறைத்த ஒரு உற்பத்தியாளர், எனக்கு நாட்டின்மேல் பகையில்லை, நாலு காசு பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்ப முடியாது. போர்முனைக்குப் போகும் கம்பியில் மின்காப்பு சரியில்லை என்று தெரிந்தே அனுப்புகிறவருக்கு, அதனால் என்ன ஆகும் என்று நம்பக் காரணம் நிச்சயமாக இருக்கிறது.

ஆனால் சட்டத்தில் இருப்பதும் நீதிமன்றத்தில் நடப்பதும் எப்போதும் ஒன்றல்ல. மட்டச் சரக்கு விற்கும் போர் ஒப்பந்தக்காரர்களை அமெரிக்கா உள்நாட்டுப் போரிலேயே பார்த்துவிட்டது. மழையில் பிரிந்துபோகும் சீருடை, நடந்தால் கிழியும் காலணி என்று குவிந்த புகார்களால்தான் 1863இல், அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் கேட்பதைத் தண்டிக்கும் பொய்க் கோரிக்கைச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போதும் அரசின் கை முதலில் இந்தப் பக்கமே நீண்டது. இண்டியானா மாநிலத்து மேரியனில் இருந்த அனகோண்டா கம்பித் தொழிற்சாலை, ராணுவத் தகவல்தொடர்புக்கான கம்பிகளைச் சோதனையில் தேறியதாக ஏமாற்றி அனுப்பியது என்று 1942 டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதில் முன்னின்றது அரசை மோசடி செய்யச் சதி என்ற குற்றச்சாட்டு. மோசடியை நிரூபிக்க ஒப்பந்தத் தாளும் பணப் பட்டியலும் போதும். ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது எளிதில் விளங்கும். தங்கள் ஊருக்கே சோறு போடும் ஆலையின் மேலாளரை நாசகாரர் என்று சொல்லச் சொன்னால் அவர்கள் தயங்குவார்கள். அபராதம் கட்டிவிட்டு ஆலை மறுநாள் முதல் கம்பி இழுக்க வேண்டும் என்ற தேவையும் அரசுக்கு இருந்தது. இதில் நியாயம் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். ராணுவ வீரனின் உயிரோடு விளையாடியவர்களில், பணம் படைத்தவர்களுக்கு எப்போதும் மென்மையான சட்டமே வாய்த்தது.

இனி முதல் கேள்வி. 1918ஆம் ஆண்டுச் சட்டம் போர்க்காலத்துக்கு மட்டுமானது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, போரில் இல்லாமலே அமெரிக்கா ஆயுத உற்பத்தியை முடுக்கியது. ஆலைகள் இரவு பகலாக ஓடின, ஆனால் சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே 1940 நவம்பர் 30 அன்று ஒரு திருத்தம் வந்தது. தேசியப் பாதுகாப்புப் பொருள்கள், இடங்கள், சாதனங்கள் என்று புதிய வகை உருவாக்கப்பட்டு, போர் இல்லாதபோதும் அவற்றைச் சேதப்படுத்துவது குற்றமாயிற்று. இது இன்றைய 2155ஆம் பிரிவு. குறையோடு செய்வதற்கு 2156. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இங்கே நிதானம் காட்டியது. நம்புவதற்குக் காரணம் என்ற வாசகத்தை விட்டுவிட்டு, தேசியப் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் நோக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியது. தண்டனையும் அப்போது 10 ஆண்டு மட்டுமே. 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த பேட்ரியாட் சட்டம் 2155இன் தண்டனையை 20 ஆண்டாகவும், உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் வரையிலும் உயர்த்தியது.

போருக்கும் அமைதிக்கும் நடுவே ஒரு மூன்றாம் நிலையும் உண்டு. சட்டம் தடுமாறியது அங்கேதான். 1950 டிசம்பர் 16 அன்று கொரியப் போரை முன்னிட்டு ஜனாதிபதி ட்ரூமன் தேசிய நெருக்கடி நிலையை அறிவித்தார். போர் அறிவிக்கப்படாத போர் அது. எனவே 1953இல் கடுமையான போர்க்காலப் பிரிவு நெருக்கடி நிலையிலும் செல்லும் என்று திருத்தினார்கள். மறு ஆண்டு, நச்சுப்படுத்துதல், நோய்க்கிருமி பரப்புதல் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். கொரியாவில் சண்டை 1953 ஜூலையில் ஓய்ந்தது. நெருக்கடி அறிவிப்பை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

1969 ஜனவரியில் கொலராடோவில் மின்கடத்திக் கோபுரங்கள் டைனமைட்டால் தகர்க்கப்பட்டன. பாதுகாப்புத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரங்கள் அவை. கேமரன் பிஷப் என்ற போர் எதிர்ப்பு இளைஞர்மேல் போர்க்காலச் சேதத்துக்கான, 30 ஆண்டுத் தண்டனைக்குரிய 2153ஆம் பிரிவின்படி வழக்குப் பதிவாகி, எஃப்.பி.ஐ.யின் பத்துத் தேடப்படுவோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1975இல் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார். 1977இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோபுரம் தகர்ந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1950இல் கொரியாவுக்காக அறிவித்த நெருக்கடி, 1969இல் வேறொரு சூழலில் நடந்த செயலுக்கு முப்பதாண்டுச் சிறைக்கான கதவைத் திறந்துவைக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். முந்தைய ஆண்டு காங்கிரஸ் தேசிய நெருக்கடிகள் சட்டத்தை இயற்றி, பழைய அறிவிப்புகளின் அதிகாரங்களுக்கு 1978 செப்டம்பரோடு முடிவு கட்டியிருந்தது. இருந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஈரானை முன்னிட்டு 1979இல் அறிவித்த நெருக்கடி நிலை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதைப்போல வேறு பலவும் இருக்கின்றன. ஏதோ ஒரு நெருக்கடி எப்போதும் நடப்பில் இருக்கும் நாட்டில், 2153 எப்போது விழித்திருக்கிறது என்று கேட்பவருக்கு பிஷப் தீர்ப்பைவிடத் தெளிவான வழிகாட்டி கிடையாது.

எதிரி நாட்டு ஆட்களில் பெயர் பெற்றவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரவேயில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். 1942 ஜூன் மாதம், நீர்மூழ்கிக் கப்பலில் வந்த நான்கு ஜெர்மன் ஆட்கள் லாங் ஐலண்டின் அமகான்செட் கடற்கரையிலும், நால்வர் ஃபுளோரிடாவிலும் இறங்கினார்கள். அலுமினிய ஆலைகள், ஓஹையோ ஆற்றின் மடைகள், ரயில் பாதைகள் ஆகியவை அவர்களின் இலக்கு. நிலக்கரித் துண்டு போலச் செய்யப்பட்ட குண்டுகளும் கூடவே வந்தன. அமகான்செட்டில் எதிர்ப்பட்ட ஆயுதமில்லாத கடலோரக் காவல் படை வீரர் ஒருவர் கையில் 260 டாலரைத் திணித்து வாயை மூடச் சொன்னார்கள். அவர் ஓடிப்போய்த் தகவல் சொல்லிவிட்டார். குழுவின் தலைவர் டாஷ் தானாகவே எஃப்.பி.ஐ.யிடம் போய் எல்லாவற்றையும் கக்கினார். இரண்டு வாரத்துக்குள் எட்டுப் பேரும் சிறையில்.

சட்டப்புத்தகத்தைத் திறந்தபோதுதான் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பிடலுக்குச் சிக்கல் தெரிந்தது. அவர்கள் எதையும் சேதப்படுத்தவில்லை. இலக்குகளை நெருங்கக்கூட இல்லை. முயற்சி என்று நீதிமன்றத்தில் நிற்குமா என்பதே சந்தேகம். சதி என்று மட்டும் வழக்குப் போட்டால் இரண்டே ஆண்டுதான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மரண தண்டனையை எதிர்பார்த்தார். டாஷ் காட்டிக்கொடுத்த கதை வெளியே கசியக் கூடாது என்றும் அரசு விரும்பியது. ஆகவே ராணுவ ஆணையம் அமைக்கப்பட்டது, பிடிபட்டவர்களில் ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் குவிரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, ஆகஸ்ட் 8 அன்று அறுவர் மின்சார நாற்காலிக்குப் போனார்கள். முதல் போரிலும் இதே கதைதான்: 1918இல் அரிசோனா எல்லையில் பிடிபட்ட ஜெர்மன் உளவாளி லோத்தார் விட்ஸ்கேயை விசாரித்ததும் ராணுவ நீதிமன்றமே.

ஆக, அமைதிக் காலப் பிரிவான 2155 யாரைத்தான் தண்டித்தது என்று கேட்டால், பெயர் பெற்ற வழக்குகளில் நிற்பவர்கள் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும். 1984 நவம்பரில், சகோதரர்களான இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களும் வேறு இருவரும் மிசூரியில் மினிட்மேன் என்ற அணு ஏவுகணையின் குழியின் கான்கிரீட் மூடியைக் காற்றழுத்தத் துளைப்பானால் உடைத்தார்கள். 8 முதல் 18 ஆண்டு வரை தண்டனை. உலகை அணுப்போரிலிருந்து காப்பதே எங்கள் நோக்கம் என்ற வாதத்தை எட்டாம் வட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏவுகணையைச் செயலிழக்கச் செய்ய விரும்பினீர்களா, ஆம். அது ஏன் என்பது உங்கள் மனச்சாட்சி, சட்டம் கேட்கும் நோக்கம் அல்ல என்றது. 2002இல் கொலராடோ ஏவுகணைக் குழி ஒன்றின் வேலியை வெட்டி, மூடியைச் சுத்தியலால் தட்டி, தங்கள் ரத்தத்தால் சிலுவை வரைந்த மூன்று டொமினிக்கன் சகோதரிகளுக்கு 30 முதல் 41 மாதம் கிடைத்தது. அந்தத் தண்டனையும் மேல்முறையீட்டில் நின்றது.

2012 ஜூலையில் டென்னசியின் ஓக் ரிட்ஜில், செறிவூட்டிய யுரேனியம் வைத்திருக்கும் கட்டடம் வரை 82 வயது சகோதரி மேகன் ரைஸும் இரண்டு ஆண்களும் வேலிகளை வெட்டிக்கொண்டு போனபோதுதான் கணக்கு மாறியது. சுவரில் வாசகம் எழுதினார்கள், ரத்தம் தெளித்தார்கள், சுத்தியலால் கொஞ்சம் கொத்தினார்கள். பிடிக்க வந்த காவலருக்கு ரொட்டி கொடுத்தார்கள். நாசவேலை என்று ஜூரி சொன்னது. 2015 மே மாதம் ஆறாம் வட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாட்டின் போரிடும் அல்லது தற்காக்கும் திறனில் குறுக்கிடுவது அவர்கள் நோக்கமாக இருந்ததற்குச் சான்று வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டின் மானத்தை வாங்கியது நாசவேலை ஆகாது என்பது அதன் நிலை. அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் மட்டும் நின்றது; அதற்கு அனுபவித்த சிறையே போதுமென்று மூவரும் விடுதலையானார்கள்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 2012இல், மே மாதம், மெய்ன் மாநிலக் கிட்டரியில் உள்ள கடற்படைக் கப்பல்தளத்தில், பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த மயாமி என்ற அணு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஒரு தொழிலாளி கந்தல் துணிக்குத் தீ வைத்தார். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் காரணம். சரிசெய்யும் செலவு பல நூறு மில்லியன் டாலர் என்று கணித்து, கடற்படை அந்தக் கப்பலையே கைவிட்டது. ராணுவச் சொத்துக்கு இதைவிடப் பெரிய சேதத்தைத் தனியொருவர் உண்டாக்கிய சம்பவம் அமெரிக்காவில் அரிது. ஆனாலும் அவர் தண்டிக்கப்பட்டது தீவைப்புக் குற்றத்துக்காக, 17 ஆண்டு, நாசவேலைக்காக அல்ல. தேசியப் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கம் அவரிடம் இல்லை. இதே செயல் முழுப் போர்க்காலத்தில் நடந்திருந்தால், நம்புவதற்குக் காரணம் என்ற வாசகத்தின்படி அவர்மேல் 2153 பாய்ந்திருக்க முடியும்.

கடைசியாக வேலைநிறுத்தம். சட்டம் தண்டிப்பது பொருளைச் சேதப்படுத்துவதையும் குறையோடு செய்வதையும். கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பது இரண்டிலும் சேராது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஜான் லூயிஸ் தலைமையில் வேலையை நிறுத்தியபோது, உருக்கு உற்பத்தியே ஆட்டங்கண்டது. அப்போதும் நாசவேலைச் சட்டத்தை எடுக்காமல், காங்கிரஸ் ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையை மீறி ஸ்மித்–கானலி சட்டம் என்ற தனிச் சட்டத்தை இயற்றியது. அரசு கையகப்படுத்திய ஆலையில் வேலைநிறுத்தத்தைத் தூண்டுவது அதன்படிதான் குற்றமாயிற்று. மாநிலங்கள் 1941 வாக்கில் இயற்றிய நாசவேலைத் தடுப்புச் சட்டங்களும் பெரும்பாலும் ஒரே முன்மாதிரியைப் பின்பற்றியவை. சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் ஆலை வாசலில் மறியல் நிற்கவும் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமையை இச்சட்டம் குறைக்காது என்ற விதி அந்த முன்மாதிரியிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் வேலைநிறுத்தத்துக்குப் புறப்படும் முன் யாராவது இயந்திரத்தின் பல்சக்கரத்தில் மணலைப் போட்டுவிட்டுப் போனால், அந்த ஆளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. போர்க்காலமானால் அவர் நிற்க வேண்டிய இடம் 30 ஆண்டுப் பிரிவின் கீழ்தான்.